கோட்டில் நிற்கும் டர்போ கார்: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

டர்போ பூட்டிய டிராக் (drag) பந்தயக் காரைத் தொடக்கக் கோட்டிலிருந்து கிளப்புவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் சொல்கிறோம். கிட்டத்தட்ட எல்லாருமே "கோட்டில் இன்னும் அதிக பூஸ்ட் ஏற்றுவது எப்படி?" என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். எவ்வளவு பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் கூடுதல் காற்றழுத்தம்) என்பதைவிட, ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே அளவு பூஸ்ட் கிடைக்கிறதா என்பதில்தான் பெரும்பாலான கார்கள் நேரத்தை இழக்கின்றன. கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பெரிய ஒற்றை டர்போ. டிரான்ஸ்பிரேக் (கியர்பாக்ஸையே பூட்டிக் காரை நிறுத்தும் அமைப்பு) பட்டனை அழுத்திக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் 3,000 ஆர்.பி.எம்.மைத் தாண்ட மறுக்கிறது. பூஸ்ட் மீட்டரில் முள் அசையவே இல்லை. டர்போவை மாற்றுவதா, டார்க் கன்வர்ட்டரை (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் உறுப்பு) மாற்றுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டையும் தொடாதீர்கள். முதலில் கசிவைத் தேடுங்கள். டர்போவின் காற்று நுழையும் வாயை ஒரு மூடியால் அடைத்து, அதன் வழியாக 1 பார் அளவுக்குக் காற்றழுத்தம் கொடுத்து, இன்டர்கூலர் குழாய் இணைப்புகள், த்ராட்டில் பாடி, புளோ-ஆஃப் வால்வு எல்லாவற்றிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் இதைவிட முக்கியம். மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட்டில் கரும்புகை படிந்த கோடு தெரிந்தால், டர்பைனைச் சுழற்றவேண்டிய வாயு அங்கே வெளியேறிக்கொண்டிருக்கிறது. உபரி எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் வேஸ்ட்கேட் வால்வு முழுக்க மூடுகிறதா என்றும் கழற்றிப் பாருங்கள். அதன் இருக்கையில் ஒரு துண்டு கார்பன் சிக்கினாலே போதும், கோட்டில் பூஸ்ட் வராது.

கசிவு இல்லை என்றால், டர்போ கார்களுக்கே உரிய முட்டுக்கட்டையில் மாட்டியிருக்கிறீர்கள். பூஸ்ட் வர ஆர்.பி.எம். வேண்டும். ஆர்.பி.எம். ஏறவேண்டுமானால் டார்க் கன்வர்ட்டரின் தடையை மீற முறுக்குவிசை வேண்டும். முறுக்குவிசைக்கோ பூஸ்ட் வேண்டும். ஒரே கன்வர்ட்டரில் ஸ்டால் ஆர்.பி.எம்., அதாவது கார் நகராமல் நிற்கும்போது எஞ்சின் எட்டக்கூடிய உச்ச ஆர்.பி.எம்., முறுக்குவிசையின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறும். எஞ்சின் 300 நியூட்டன் மீட்டர் கொடுக்கும்போது ஸ்டால் 3,000 என்றால், 600 கொடுக்கும்போது சுமார் 4,240. அதாவது பூஸ்ட் ஒருமுறை பிடித்துவிட்டால் ஸ்டாலும் தானாக மேலேறும். உங்கள் கார் அந்த முதல் படியிலேயே நின்றுவிடுகிறது.

தாண்டும் வழிகள், செலவு குறைந்ததிலிருந்து: கோட்டில் நிற்கும்போது மட்டும் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துங்கள். வழக்கமாக டி.டி.சி.க்கு, அதாவது பிஸ்டன் உச்சியைத் தொடும் புள்ளிக்கு, 20 டிகிரி முன்னால் பற்றவைக்கிறீர்கள் என்றால், அதை 0 வரைக்கோ, டி.டி.சி.க்குப் பின் 5 டிகிரி வரைக்கோ தள்ளலாம். எரிதல் தாமதமாக நடப்பதால் சூடும் அழுத்தமும் எக்ஸாஸ்ட் வழியாக டர்பைனுக்குப் போகும். ஆனால் அதே தாமதம் எஞ்சினின் முறுக்குவிசையையும் தின்றுவிடும். அளவுக்கு மீறித் தள்ளினால் ஆர்.பி.எம். இன்னும் இறங்கும், வந்த காரியம் கெடும். 5 டிகிரியாகக் குறைத்துக்கொண்டே போய், பூஸ்ட் எந்த இடத்தில் மிக வேகமாக ஏறுகிறது என்று டேட்டா லாக்கில் (எஞ்சின் எண்களின் பதிவில்) பாருங்கள்.

அதிலும் வரவில்லையென்றால் கன்வர்ட்டர் டம்ப் வால்வு. கன்வர்ட்டருக்குள் போகும் எண்ணெய் அழுத்தத்தை அது தற்காலிகமாகக் குறைக்கும். தடை தளர்ந்து ஆர்.பி.எம். மேலேறும். பூஸ்ட் பிடித்ததும் வால்வை மூடிவிடவேண்டும். அடுத்தது 50 குதிரைத்திறன் அளவிலான சின்ன நைட்ரஸ் (நைட்ரஸ் ஆக்சைடு வாயு) அமைப்பு. மேனிஃபோல்டு அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும் அது தானாக அணையும்படி ஒரு பிரஷர் சுவிட்சுடன் இணைத்தே போடுங்கள். இத்தனைக்கும் மசியாவிட்டால்தான் கன்வர்ட்டரைக் கழற்றி, தளர்வாக அமைத்துத் தரச் சொல்லவேண்டும். தேவைக்கு மீறித் தளர்த்திவிட்டால் ஓட்டத்தின் கடைசியில் வழுக்கல் கூடும். முடிவுக்கோட்டில் வழுக்கல் 5 முதல் 8 சதவீதம் என்றால் பரவாயில்லை. 10-ஐத் தாண்டினால் கோட்டில் சம்பாதித்ததை அங்கே இழக்கிறீர்கள்.

கேள்வி: பூஸ்ட் ஏறும்வரை டிரான்ஸ்பிரேக்கில் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்கலாம்?

பதில்: 3 விநாடிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பாருங்கள். 4,240 ஆர்.பி.எம்.மில் 600 நியூட்டன் மீட்டர் என்றால் சுமார் 266 கிலோவாட். கார் நகரவில்லை, ஆக அத்தனையும் கன்வர்ட்டர் எண்ணெயில் சூடாகத்தான் இறங்குகிறது. உள்ளே 5 கிலோ எண்ணெய் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு விநாடிக்கும் ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸ் ஏறும். 80 டிகிரியில் தொடங்கி 5 விநாடி நின்றால் 200-ஐத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் எண்ணெய் கெடும், சீல்கள் கடினமாகும். கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த 5 விநாடிக்கு உதவாது, ஏனென்றால் சூடான எண்ணெய் கூலரை எட்டுவதற்குள் ஓட்டமே தொடங்கியிருக்கும்.

கேள்வி: டிரான்ஸ்பிரேக் இல்லாமல் கால் பிரேக்கிலேயே பூஸ்ட் ஏற்ற முடியாதா?

பதில்: கொஞ்சம் முடியும். 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை கன்வர்ட்டர் 2 மடங்காக்கி, முதல் கியர் 2.48, கடைசி விகிதம் 3.5 என்று பெருக்கிப் பாருங்கள்: பின்சக்கர அச்சில் சுமார் 6,900 நியூட்டன் மீட்டர். சாதாரணப் பின் பிரேக் இதைப் பிடித்து நிறுத்தாது. பின்சக்கரம் சுழலும், அல்லது முன்சக்கரங்கள் பூட்டியபடியே கார் கோட்டைத் தாண்டி நழுவும். டிரான்ஸ்பிரேக்கில் இந்தத் தொல்லை கிடையாது. கியர்பாக்ஸுக்குள் முதல் கியரும் ரிவர்ஸும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்வதால் சக்கரத்துக்கு விசையே போவதில்லை. ஒரு எச்சரிக்கை: கார் உருண்டுகொண்டிருக்கும்போது அந்தப் பட்டனைத் தொட்டால் உள்ளே உள்ள உறுப்புகள் உடையும்.

கேள்வி: ஒரே காரில், ஒரே ட்யூனில், முதல் 60 அடியை ஒரு முறை 1.45 விநாடியில் கடக்கிறேன், அடுத்த முறை 1.62. டயர் அழுத்தமும் மாற்றவில்லை. ஏன் இப்படி?

பதில்: லாக்கைத் திறந்து, டிரான்ஸ்பிரேக் விடுபட்ட அந்தக் கணத்தில் மேனிஃபோல்டு அழுத்தம் எவ்வளவு என்று இரண்டு ஓட்டங்களிலும் பாருங்கள். ஒன்றில் 0.7 பார், மற்றதில் 0.3 பார் என்று இருந்தால் ஆச்சரியப்படமாட்டோம்.

டூ-ஸ்டெப் (கோட்டில் நிற்கும்போது ஆர்.பி.எம்.முக்கு வரம்பு வைக்கும் அமைப்பு) ஆர்.பி.எம்.மைத்தான் கட்டுப்படுத்துகிறது, பூஸ்டை அல்ல. ஆர்.பி.எம். 4,500-இல் நிலையாக நின்றாலும் டர்பைன் சூடேறச் சூடேற பூஸ்ட் ஏறிக்கொண்டே போகும். ஒன்றரை விநாடி நின்றால் ஓர் அளவு, மூன்று விநாடி நின்றால் வேறு அளவு. பக்கத்துத் தடத்துக்காரர் ஸ்டேஜ் விளக்கை (கார் கோட்டில் தயாராக நிற்கிறது என்று காட்டும் விளக்கு) ஏற்றாமல் வேண்டுமென்றே தாமதித்தால், உங்கள் கார் எவ்வளவு பலத்துடன் கிளம்பும் என்பதை அவர் தீர்மானிக்கிறார். அனுபவசாலிகள் இதைத் தெரிந்தே செய்வார்கள்.

அதனால் கோட்டில் ஒரு வரிசையைப் பழக்கமாக்குங்கள். பிரேக்கை மிதித்தபடி மெல்ல உருண்டு, கோட்டை நெருங்கிவிட்டதைக் காட்டும் ப்ரீ-ஸ்டேஜ் விளக்கை ஏற்றுங்கள். ஸ்டேஜ் விளக்கை எரியவைக்கும் ஒளிக்கதிர் அங்கிருந்து சுமார் 18 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ப்ரீ-ஸ்டேஜில் நின்றபடியே டிரான்ஸ்பிரேக்கைப் போட்டு, பூஸ்டை இலக்கில் பாதி வரை ஏற்றிக்கொள்ளுங்கள். பிறகு பம்ப் பாக்ஸ் பட்டன். அது டிரான்ஸ்பிரேக்கை மிகக் குறுகிய நேரத்துக்கு விட்டுவிட்டுப் பிடிக்கும், ஆர்.பி.எம். இறங்காமல் கார் அங்குல அங்குலமாக முன்னேறும். ஸ்டேஜ் விளக்கு எரிந்தவுடனே நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்துங்கள். இதில் இன்னொரு லாபம்: கியர், டிரைவ்ஷாஃப்ட், ஆக்ஸில் இவற்றில் இருக்கும் தளர்வு முழுக்க இழுபட்டு இறுகிவிடும். தளர்வோடு கிளம்பும் காரில் அந்த முதல் அடி சுத்தியலாக இறங்கும்.

பம்ப் பாக்ஸ் இல்லையென்றால், பக்கத்துக்காரர் முழுமையாக ஸ்டேஜ் ஆகும்வரை நீங்கள் ப்ரீ-ஸ்டேஜிலேயே நிற்கலாம். ஆனால் இருவரில் ஒருவர் ஸ்டேஜ் ஆனதும் மற்றவருக்குச் சில விநாடிகள்தான் அவகாசம். தளத்துக்குத் தளம் அது மாறும். ஓட்டுநர் கூட்டத்தில் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தாண்டி, கோட்டு பூஸ்டுக்கு ஒரு உச்சவரம்பு வைப்பதுதான் நிலையான தீர்வு. அதைத்தான் அடுத்த வாசகர் கேட்கிறார்.

கேள்வி: வேஸ்ட்கேட்டில் 1 பார் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். கோட்டில் 0.5 பாரில் கிளம்பி, போகப் போக 1.6 பார் வேண்டும். எலக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலரில் எவ்வளவு குறைத்தும் 1 பாருக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது.

பதில்: இறங்காது. ஸ்பிரிங் என்பது அடித்தளம். கன்ட்ரோலரால் அதற்கு மேலே கட்டமுடியுமே தவிர, கீழே தோண்டமுடியாது. 0.4 பார் அளவுக்கு மென்மையான ஸ்பிரிங்கைப் போட்டு, வேஸ்ட்கேட்டின் மேல் அறைக்கு வெளியிலிருந்து அழுத்தம் கொடுக்கும் முறைக்கு மாறுங்கள்.

இதற்குக் கார்பன் டை ஆக்சைடு குப்பிதான் வழக்கம். சாதாரண அறைச்சூட்டில் குப்பிக்குள் 57 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். ரெகுலேட்டர் வழியாக அதை 3 அல்லது 4 பாருக்கு இறக்கி, இரண்டு சோலனாய்டுகளுக்குக் கொடுக்கவேண்டும். ஒன்று மேல் அறைக்குள் வாயுவை ஏற்றும், மற்றது வெளியேற்றும். மேல் அறையில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளக்க ஒரு சென்சார் அவசியம். அது இல்லாமல் இந்த முறை வெறும் ஊகம். எஞ்சினின் சொந்த பூஸ்டிலேயே மேல் அறையை நிரப்பினால் ஆகாதா என்றால், கோட்டில் பூஸ்ட் குறைவாக இருக்கும்போது நிரப்பவும் அழுத்தம் குறைவாகவே கிடைக்கும். குப்பியில் இந்தச் சிக்கல் இல்லை.

கோட்டில் நிற்கும்போது மேல் அறை காலி. ஸ்பிரிங் மட்டுமே வேலை செய்வதால் எத்தனை விநாடி நின்றாலும் பூஸ்ட் 0.4 அல்லது 0.5 பாரை ஒட்டியே நிற்கும். டிரான்ஸ்பிரேக் விட்ட நொடியிலிருந்து நேரக்கணக்கு தொடங்கட்டும். முதல் அட்டவணையாக இதை வையுங்கள்: 0.3 விநாடி வரை 0.5 பார், 1 விநாடியில் 0.8, 2 விநாடியில் 1.2, 3 விநாடியில் 1.6. கார் சுத்தமாகப் பிடித்துப் போனால், அடுத்த ஓட்டத்தில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் 0.1 பார் ஏற்றுங்கள். இரண்டு புள்ளிகளை ஒன்றாக மாற்றிவிட்டு எது உதவியது என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் ஏராளம். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் குப்பியைத் திறந்தோமா என்று பார்ப்பதும் இந்த வேலையில் சேர்த்தி. மூடியிருந்தால் கார் ஓட்டம் முழுக்க 0.4 பாரிலேயே போகும்.

கேள்வி: மேனுவல் கியர், 2 லிட்டர் டர்போ. டூ-ஸ்டெப் 5,000-இல். கிளட்சை விட்டால் ஒன்று டயர் சுழல்கிறது, இல்லையென்றால் எஞ்சின் அமுங்கிப்போகிறது. நடுவில் ஒரு இடம் கிடைக்கவே இல்லை.

பதில்: முதலில் கிளட்ச் சுவிட்ச் எங்கே விடுபடுகிறது என்று பாருங்கள். பெடல் தரையில் இருக்கும்போது டூ-ஸ்டெப் இயங்கவேண்டும். பெடல் மேலே வரும்போது, கிளட்ச் கடிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் விடுபடவேண்டும். சுவிட்ச் தாமதமாக விடுபட்டால், கிளட்ச் கடித்த பிறகும் ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஸ்பார்க்கை வெட்டிக்கொண்டே இருக்கும், எஞ்சின் அமுங்கும். சீக்கிரம் விடுபட்டால் ஆர்.பி.எம். எகிறி, அதே வேகத்தில் கிளட்ச் மேல் விழும், டயர் சுழலும். காரைத் தூக்கி நிறுத்தி, யாரையாவது பெடலை மெல்ல விடச் சொல்லி, லாக்கில் சுவிட்ச் மாறும் இடத்தையும் சக்கரம் அசையத் தொடங்கும் இடத்தையும் பொருத்திப் பாருங்கள். நீங்கள் விவரிப்பதில் பாதி இந்தச் சுவிட்சிலேயே சரியாகலாம்.

மீதிப் பாதி கால். டர்போ காரில் எஞ்சின் அமுங்குவது இரட்டைத் தண்டனை. ஆர்.பி.எம். 3,000-க்கு விழுந்தால் பூஸ்டும் சேர்ந்து விழும். மறுபடி ஏற ஒரு விநாடி ஆகிவிடும். லேசாகச் சுழலும் கார்கூட அதைவிட முந்திப் போகும். ஆகவே கிளட்சை ஒரேயடியாக விடாமல் 0.5 முதல் 0.8 விநாடி வரை வழுக்கவிடுங்கள். பெடலைக் கடிக்கும் இடம் வரை வேகமாகக் கொண்டுவந்து, அங்கே நிறுத்தி, கார் நகர்ந்த பிறகு மீதியை விடவேண்டும். நோக்கம் ஒன்றுதான்: டயர் எஞ்சினை எட்டும்வரை ஆர்.பி.எம். டர்போ விழித்திருக்கும் எல்லைக்குக் கீழே போகக்கூடாது.

டூ-ஸ்டெப் அளவை 250 ஆர்.பி.எம். படிகளில் மாற்றுங்கள். 5,000-இல் சுழன்றால் 4,750. அங்கே அமுங்கினால் ஆர்.பி.எம்.மை ஏற்றவேண்டாம், வழுக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்குப் பிறகு குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்றைப் பூட்டி, கடிக்கும் வேகத்தை நிலையாக்குபவர்களும் உண்டு. கால் தினம் ஒரு மாதிரி வேலை செய்யும், வால்வு அப்படியில்லை. ஒரு ஓட்டம் முடிந்து கிளட்ச் வாடை அடித்தால் அடுத்த ஓட்டத்துக்குமுன் நன்றாக ஆறவிடுங்கள். சூடான தட்டின் பிடிமானமே வேறு, அதில் எடுத்த எண்கள் எதற்கும் உதவாது.

கேள்வி: டூ-ஸ்டெப்பில் நிற்கும்போது எக்ஸாஸ்டில் வெடிச்சத்தம் வருவது நல்லதா?

பதில்: கேட்க நன்றாக இருக்கும். ஸ்பார்க்கை வெட்டும் டூ-ஸ்டெப்பில் எரியாத கலவை வெளியே போய், சூடான எக்ஸாஸ்டில் வெடிக்கிறது. டர்பைனைச் சுழற்ற அது உதவும். அதே சமயம் எக்ஸாஸ்ட் வால்வையும் டர்பைன் சக்கரத்தையும் அடிக்கிறது. கேடலிடிக் கன்வர்ட்டர் இருந்தால் உள்ளே உருகிவிடும், அதைக் கழற்றாமல் இதைத் தொடவேண்டாம். எக்ஸாஸ்ட் வெப்பமானி 950 டிகிரியைக் காட்டினால் காலை எடுங்கள். டர்போ வாங்கும்போது தயாரிப்பாளர் இதைவிடக் குறைந்த வரம்பு சொல்லியிருந்தால் அதுவே வரம்பு.

கேள்வி: ஸ்லிக் டயரா, டிராக் ரேடியலா? டர்போ காருக்கு எது? எவ்வளவு காற்று?

பதில்: இரண்டிலும் ஓடலாம், ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தமுடியாது. பயஸ் வகை ஸ்லிக்கின் பக்கச்சுவர் சுருங்கி, முறுக்கிக்கொண்டு, அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் சுழன்றாலும் மீண்டும் பிடிக்கும். ரேடியல் அப்படியில்லை. முதல் கணத்தில் பிடித்தால் அருமை. பிடி விட்டுப்போனால் காலை எடுக்காமல் அது திரும்பக் கிடைப்பது அபூர்வம். கோட்டில் குறைந்த பூஸ்ட், பிறகு சாய்வாக ஏற்றம் என்பது ரேடியலுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும்.

1,400 கிலோ அளவிலான காருக்கு ஸ்லிக்கில் 12 பி.எஸ்.ஐ., ரேடியலில் 17 பி.எஸ்.ஐ. என்று தொடங்கி, அரை பி.எஸ்.ஐ. படிகளில் மாற்றுங்கள். அழுத்தத்தை எப்போதும் ஒரே நிலையில் அளக்கவேண்டும். வெயிலில் நின்ற டயரையும் நிழலில் நின்ற டயரையும் ஒப்பிடாதீர்கள். ரிம்மிலிருந்து டயர் பக்கச்சுவருக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டு வையுங்கள். ஓட்டத்துக்குப் பிறகு கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் டயர் ரிம்மிலேயே வழுக்கியிருக்கிறது, காற்று மிகக் குறைவு.

பர்ன்-அவுட்டில் (டயரைச் சூடேற்ற, கிளம்புவதற்கு முன் சுழற்றுவது) தண்ணீரைத் தாண்டி வந்த பிறகே சுழற்றுங்கள். தண்ணீருக்குள்ளேயே நின்று சுழற்றினால் சக்கர வளைவுக்குள் தண்ணீர் அடித்து, கோட்டில் நிற்கும்போது டயர் மேலேயே சொட்டும். முன் பிரேக்கை மட்டும் பூட்டும் லைன்-லாக் இருந்தால் வேலை சுலபம். ஸ்லிக்குக்கு வெண்புகை நன்றாகக் கிளம்பும்வரை. ரேடியலுக்கு மெல்லிய புகை தெரிந்தால் போதும், அதற்கு மேல் போனால் மேற்பரப்பு எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும்.

கிளம்பி சற்று நேரத்தில் கார் முழுக்க அதிர்ந்து, கண்ணுக்கு முன்னால் தடமே இரண்டாகத் தெரிகிறது என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். அது டயர் ஷேக். டயர் சுழலவும் இல்லை, முழுதாகப் பிடிக்கவும் இல்லை. பக்கச்சுவர் முறுக்கி முறுக்கி விடுபடுகிறது. இதற்குப் பவரைக் குறைப்பது மட்டும் மருந்தல்ல. அந்த இடத்தில் பவர் போதாததாலும் ஷேக் வரும். லாக்கில் அதிர்வுக்கு முன்னால் டிரைவ்ஷாஃப்ட் வேகம் மேலே தாவியதா, மந்தமாக நின்றதா என்று பார்த்து முடிவெடுங்கள். தாவியிருந்தால் அந்த நேரப் புள்ளியில் பூஸ்டைக் குறையுங்கள். மந்தமாக இருந்தால் ஏற்றுங்கள். ஓட்டத்தின் நடுவே வந்தால் காலை எடுத்துவிடுங்கள். பொருட்கள் உடைவது அங்கேதான்.

கேள்வி: டிரைவ்ஷாஃப்ட் சென்சார் பூட்டிவிட்டேன். அதில் என்ன எண் வரவேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நீங்களே கணக்கிடலாம். முதல் 60 அடி, அதாவது 18.29 மீட்டர். கடிகாரம் தொடங்குவதற்குமுன் முன்சக்கரம் கதிரைவிட்டு விலகும் வரை கார் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உருண்டுவிடுகிறது. அதையும் சேர்த்தால், 60 அடியை 1.5 விநாடியில் கடக்க சராசரியாக 1.3 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 1.3 மடங்கு) வேண்டும். 2 விநாடி என்றால் 0.7 ஜி போதும்.

1.3 ஜி வேகமாற்றத்தில் ஒரு விநாடி கழித்து கார் விநாடிக்கு 12.75 மீட்டர் போகும். டயரின் சுற்றளவு 2.2 மீட்டர், கடைசி விகிதம் 3.5 என்றால் டிரைவ்ஷாஃப்ட் அப்போது சுமார் 1,220 ஆர்.பி.எம். காட்டவேண்டும். டயருக்குக் கொஞ்சம் வழுக்கல் இயல்பு என்பதால் 1,300, 1,350 வந்தாலும் கவலையில்லை. 1,800 வந்தால் டயர் சுழல்கிறது, நீங்கள் உணராவிட்டாலும். நல்ல ஓட்டம் ஒன்றின் கோட்டை வைத்துக்கொண்டு, அதற்கு 10 சதவீதம் மேலே ஒரு எல்லை வரைந்து, தாண்டினால் ஸ்பார்க்கைப் பின்தள்ளும்படி ஈ.சி.யூ.வில் அமைக்கலாம். பூஸ்டைக் குறைப்பதைவிட இது வேகமாக வேலை செய்யும். டர்போ மெதுவாகத்தான் இறங்கும், ஸ்பார்க் அடுத்த சிலிண்டரிலேயே மாறிவிடும்.

கேள்வி: பச்சை விளக்கைப் பார்த்த உடனே விடுகிறேன். ஆனாலும் ரியாக்‌ஷன் நேரம் 0.250.

பதில்: பச்சையைப் பார்த்தால் தாமதம்தான். மூன்று மஞ்சள் விளக்குகள் 0.5 விநாடி இடைவெளியில் வரிசையாக எரியும் முறையில், கடைசி மஞ்சள் எரிந்ததுமே விடவேண்டும். மூன்றும் ஒன்றாக எரிந்து 0.4 விநாடியில் பச்சை வரும் முறையில் அந்த மஞ்சளையே பச்சையாக எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டு பூஸ்டைக் குறைத்த நாளில் கார் கதிரைவிட்டு விலகுவதும் சற்றுத் தாமதமாகும். விரல் பழக்கத்தை அதற்கேற்ப மாற்றாவிட்டால் இந்த எண் கூடும்.

கேள்வி: முன்சக்கர இயக்கம். இத்தனையும் எனக்குப் பொருந்துமா?

பதில்: பூஸ்ட் பற்றியவை எல்லாம் பொருந்தும், எடை பற்றியவை தலைகீழ். 1,200 கிலோ காரில் முன்னால் 720 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். எடைமையம் அரை மீட்டர் உயரம், சக்கர இடைவெளி 2.5 மீட்டர் என்றால் 0.8 ஜி வேகமாற்றத்தில் 192 கிலோ பின்னால் போய்விடும். ஓட்டும் சக்கரங்களில் மீதி 528. கடினமான பின் ஸ்பிரிங், முன்பக்கம் எழும்பாமல் தடுக்கும் லிமிட்டர், லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இந்த மூன்றும் முதல் செலவு. பூஸ்டை நேரத்தை வைத்து அல்லாமல் கியரை வைத்து ஏற்றுவது இங்கே எளிது: முதல் கியரில் ஸ்பிரிங் அழுத்தம் மட்டும், இரண்டில் பாதி, மூன்றில் முழுசு.

கேள்வி: இரவில் காலியான நெடுஞ்சாலையில் பயிற்சி செய்தால் என்ன?

பதில்: செய்யாதீர்கள். உயிர், சட்டம் இரண்டும் ஒருபுறம். அங்கே எடுக்கும் எண்கள் ஓடுதளத்தில் செல்லவும் செல்லாது. டிராக் தளத்தின் தொடக்கப் பகுதியில் பிசின் தெளித்து ரப்பர் படியவைத்திருப்பார்கள். சாலையில் 0.3 பாரில் சுழலும் கார் அங்கே 0.8 பாரில் பிடிக்கும்.

கேள்வி: ஸ்லிக் போட்ட பிறகு கோட்டிலேயே டிரைவ்ஷாஃப்ட் யூ-ஜாயின்ட் உடைந்தது. பெரிய சைஸ் போட்டால் தீருமா?

பதில்: தீரும், அடுத்தது உடையும்வரை. முன்பெல்லாம் டயர் சுழன்று அதிர்ச்சியை வெளியே விட்டுக்கொண்டிருந்தது. இப்போது டயர் பிடிப்பதால் அது யூ-ஜாயின்ட், ஆக்ஸில், டிஃபரன்ஷியல் என்று பலவீனமான இடத்தைத் தேடுகிறது. பெரிய ஜாயின்டோடு, ஆக்ஸிலின் பல்வரிசை முறுக்கேறியிருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். பற்கள் நேராக இல்லாமல் லேசாகத் திரும்பியிருந்தால் அந்த ஆக்ஸிலின் ஆயுள் முடிந்தது.

டிரைவ்ஷாஃப்ட் லூப் போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. முன் யூ-ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்டின் முனை தரையில் குத்திக் காரையே தூக்கிவிடும். அதைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு வளையம் அது. முன் ஜாயின்டிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்கவேண்டும். அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிகளில், ஸ்லிக் டயரோடு கால் மைலை 13.99 விநாடியிலோ அதற்குக் குறைவாகவோ ஓடும் கார்களுக்கு இது கட்டாயம். புது ஜாயின்ட் வாங்கும் அன்றே அதையும் வாங்கிப் பூட்டுங்கள்.